எந்த நூறு?

தமிழாசிரியன் ஒருவன் என்புச் சத்திரசிகிச்சையைப் பற்றி எழுதப் புகுவது வரம்பு கடந்த செயலென இம்மலரை வாசிப்போர் எண்ணக்கூடும். இலக்கண நூலை விட்டு இடுப்பு மூட்டுக்கு யாம் வந்தமைக்குக் காரணம் உண்டு. இக்கல்லூரியில் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர், தமது எழுபத்தெட்டாம் வயதில், முன்னொருமுறை மாற்றிய இடுப்பு மூட்டை மறுபடியும் மாற்ற வேண்டியவரானார். அவருக்குத் துணையாக வைத்தியசாலையிற் காத்திருந்த நாள்களில் யாம் கேட்டவையும், பின்னர்த் தேடிப் படித்தவையும் எம்முள் ஒரு கருத்தை உறுதியாக்கின. உடலில் இடப்படும் ஒரு பொருளின் தகுதியை அதன் புதுமையைக் கொண்டு அளத்தல் ஆகாது. அதனைச் சுமந்தவர்கள் பல்லாண்டு எவ்வாறு நடந்தனர் என்பதை ஒருவரையும் விடாது எண்ணி எழுதியே அளத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து.

இன்று உலகெங்கும் நடைபெறும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு வழிவகுத்தவர் இங்கிலாந்தில் ரைற்றிங்டன் வைத்தியசாலையிற் பணிபுரிந்த சேர் ஜோன் சார்ண்லி ஆவர். 1950களின் இறுதியில் அவர் ரெப்லோன் என்னும் வழுவழுப்பான பொருளாற் கிண்ணம் செய்து மூட்டில் இட்டார். நோயாளர் நோவின்றி நடந்தனர்; யாவரும் மகிழ்ந்தனர். ஆயின் சில ஆண்டுகளுள் அக்கிண்ணங்கள் தேய்ந்து பழுதாயின. ஏறக்குறைய 300 பேருக்கு அவை இடப்பட்டிருந்தன. சார்ண்லி அத்தோல்வியை மறைத்தாரல்லர். அப்பொருளின் துகளைத் தமது தொடையிலேயே செலுத்தி, உடல் அதனை எவ்வாறு ஏற்கின்றது என்று பார்த்தார். 1962 நவம்பரிற் பொலித்தீன் வகையொன்றாலாகிய கிண்ணத்தை இட்டபோது, முன்னைய மகிழ்ச்சியில் ஏமாந்தவராதலின், ஆண்டுகள் பல கழியும்வரை காத்திருந்தே அதன் பயனைப் பிறருக்கு உரைத்தார். இத்துறையின் முதற்பாடம் அவர் தோல்வியிலேதான் இருக்கின்றது.

பொலித்தீனும் தேயாத பொருளன்று. தேய்ந்த நுண்டுகள்களை அழிக்க முனையும் உடலணுக்கள் அம்முயற்சியில் அயலேயுள்ள என்பையும் கரைக்கின்றன. என்பு கரையக் கிண்ணம் தளர்கின்றது. 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பல நாடுகளின் பதிவுகளைத் தொகுத்து, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 58 அளவானவையே 25 ஆண்டு நிலைக்கும் என மதிப்பிட்டது. இது சிறந்த பயனே. ஆயினும் எஞ்சியோருள் எம் ஆசிரியர் போன்றார் பலர் இரண்டாம் முறை சத்திரசிகிச்சை மேடைக்கு ஏறவேண்டியவராகின்றனர்.

இரண்டாம் முறை முதல்முறையினும் கடினமானது. பழைய கிண்ணத்தை அகற்றியபின் அங்கே நல்ல குழி இராது. கரைந்த என்பின் பள்ளமே இருக்கும். ஈரச்சுவரிற் பூச்சுப் பிடியாதவாறு, அப்பள்ளத்தில் மழமழப்பான புதுக்கிண்ணம் பிடிப்பதில்லை. இக்குறையைத் தீர்க்க வந்ததே நுண்டுளை உலோகம். நம் நாட்டு முருகைக்கல்லை உடைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பை விளக்க வேண்டியதில்லை. உள்ளெல்லாம் துளை, துளைக்குள்ளே துளை. தந்தாலம் என்னும் உலோகத்தால் இவ்வாறு செய்யப்படுவதில் நூற்றில் எழுபத்தைந்து முதல் எண்பது பங்கு வெற்றிடமே. துளையொன்று ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் அகலமுடையது. அதனுள் என்பு வளர்ந்து புகுந்து, உலோகத்தையும் உடலையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. மூட்டுகளுக்குப் பயன்படும் கோபாற்றுக் கலப்புலோகம் என்பினும் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது. நுண்டுளைத் தந்தாலமோ என்பைப்போலச் சிறிது வளைந்து கொடுக்கும். என்பு பெரிதும் அழிந்த இடத்தை நிரப்ப இதனாலேயே ஆப்புப் போன்ற துண்டுகளும் செய்யப்படுகின்றன.

சொல்லாராய்ச்சி எம் தொழிலாதலின் பெயரைப் பற்றியும் ஒன்று கூறுவோம். 1802இல் இவ்வுலோகத்தைக் கண்ட சுவீடன் தேயத்து எக்கபேர்க், அமிலத்தில் அமிழ்த்தியும் அது ஒன்றையும் ஏலாமையைக் கண்டு, நீரில் நின்றும் குடிக்க இயலாத தந்தாலசு என்னும் கிரேக்கக் கதைமாந்தனின் பெயரை இட்டார். அரிப்புக்கு இடங்கொடாத அப்பண்பே இன்று அதனை உடலினுள் வைப்பதற்கு ஏற்றதாக்கியது.

இனிப் பயனைப் பார்ப்போம். இவ்வகைக் கிண்ணங்களை ஆராய்ந்த கட்டுரைகள் பலவற்றில், பத்தாண்டளவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தளராதிருந்தன என்று காண்கின்றோம். இதனை யாம் ஆசிரியருக்கு மகிழ்ச்சியோடு எடுத்துரைத்தோம். கட்டிலிற் சாய்ந்திருந்த அவர், வகுப்பிலே விடை தவறியபோது பார்க்கும் அதே பார்வையாற் பார்த்து, “தம்பி, நூற்றுக்குத் தொண்ணூறு சரி. எந்த நூறு?” என்றார்.

அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. மறுபடி படித்தபோதே விளங்கிற்று. அந்தத் தொண்ணூறு, கிண்ணம் தளராமையை மட்டும் எண்ணியது. மூட்டு விலகியமையால், அல்லது கிருமித்தொற்றால், மீண்டும் மேடையேறியவர்களையும் சேர்த்தால் எண் குறைகின்றது. இரண்டாம் சிகிச்சையின்பின் பெரும்பாலும் துன்பம் தருவன இவ்விரண்டுமே. அன்றியும் அக்கட்டுரைகள் பல, கைதேர்ந்த வைத்தியர்கள் தம் நோயாளர் சிலரைப் பற்றி எழுதியவை. நாடு முழுவதையும் எண்ணினால் என்னாகும்? சுவீடன் பதிவேட்டைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, மீள்சிகிச்சையில் இட்ட தந்தாலக் கிண்ணமும் வழக்கமான கிண்ணமும் குறுகிய காலத்தில் ஒத்த பயனே தந்தன என்றது. இங்கிலாந்தின் பதிவேட்டைக்கொண்டு 2018இல் வெளியான ஆய்வும் மறுபடி மாற்ற நேர்ந்த விகிதத்தில் இரண்டுக்கும் வேற்றுமை பெரிதில்லை என்றே கண்டது.

இதனால் நுண்டுளை உலோகம் பயனற்றது என்று யாம் கூறவில்லை. என்பு மிக அழிந்தவர்க்கு வேறு வழி அரிதாயிருந்த இடத்தில் அது வழி தந்திருக்கின்றது. ஆயினும் அது எல்லார்க்கும் ஏற்ற அற்புதமன்று. இவ்விரண்டையும் ஒருங்கே நமக்கு உணர்த்தியது பதிவேடேயாம். சுவீடன் 1979இலேயே தன் நாட்டில் இடப்படும் இடுப்பு மூட்டுகளைப் பதியத் தொடங்கியது. அவுஸ்திரேலியா 1999இல் தொடங்கியது. உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டு வகையொன்று அளவுக்கு மிஞ்சிப் பழுதாவதை அவுஸ்திரேலியப் பதிவேடு முன்னதாகவே காட்டிற்று. 2010 ஆகஸ்டில் அவ்வகை உலகெங்கும் மீளப்பெறப்பட்டபோது, ஏறக்குறைய 93,000 பேருக்கு அது இடப்பட்டிருந்தது. எண்ணுவோர் இல்லாதிருப்பின் அத்தொகை எவ்வளவு பெருகியிருக்குமோ!

எம் ஆசிரியரின் கதைக்கு மீள்வோம். இருபதாண்டின் முன் அவருக்கு இடப்பட்ட மூட்டில் கிண்ணமே தளர்ந்திருந்தது. தொடையென்பினுள் இட்ட தண்டு உறுதியாயிருந்தது. அத்தண்டை விட்டுவைக்க வேண்டுமாயின், அதன் முனைக்குப் பொருந்தும் குண்டை அறிதல் வேண்டும்; அதற்குத் தண்டு எந்த வகை, எந்த அளவு என்பது தெரிதல் வேண்டும். முன்னர்ச் சிகிச்சை நடந்த இடத்தில் வினாவினோம். பழைய ஏடுகள் இல்லை என்றனர். ஆசிரியரிடமும் துண்டுக் கடிதமேனும் இருக்கவில்லை. படங்களைக்கொண்டு ஊகித்து, பல வகைக் கருவிகளை வருவித்து, சிகிச்சை இரண்டு திங்கள் பிந்தியது. அவ்விரண்டு திங்களும் அவர் நோவோடு கிடந்தார். ஒரு வரி எழுதி வைத்திருந்தால் நீங்கியிருக்கக்கூடிய நோவு அது.

ஆகவே இம்மலரின் வாயிலாக இரு வேண்டுகோள் விடுக்கின்றோம். வைத்தியத்துறையில் விளங்கும் பழைய மாணவர்களே, நீங்கள் இடும் மூட்டு ஒவ்வொன்றின் வகையையும் அளவையும் எழுதி, ஒரு படியை நோயாளர் கையிற் கொடுங்கள். பத்தாண்டின் பின்னும் அவரைத் தேடிக் கேளுங்கள். நன்றாய் நடப்பவரை மட்டும் எண்ணாதீர்கள். மூட்டு மாற்றிக்கொண்ட பெரியோர்களே, அக்கடிதத்தைக் காணியுறுதியோடு சேர்த்துப் பேணுங்கள். இன்று வகுப்பிலிருக்கும் மாணவர்க்கும் ஒரு சொல்: புள்ளிவிவரம் எதனைக் கண்டாலும் எம் ஆசிரியரின் கேள்வியைக் கேளுங்கள்.

யாம் நாடோறும் காலையில் வரவுப் பதிவேட்டில் அடையாளமிடுகின்றோம். வராதவன் பெயரும் அதில் உண்டு. அதனாலேயே அது பதிவேடு. எம் ஆசிரியர் இப்பொழுது கைத்தடியூன்றித் தம் முற்றத்தில் நடக்கின்றார். சென்ற கிழமை கண்டபோது நலம் வினாவினோம். “ஓராண்டு ஆயிற்று. இன்னும் ஒன்பதாண்டு கழித்துக் கேள், தம்பி, அப்போது எழுதிக்கொள்” என்றார். கேட்போம், எழுதியும் வைப்போம்.