சாவுமணிக் காளான்: கைபேசியை நம்பிக் கூடை நிரப்பலாமா?

ஒரு ரூபாய் நாணயம் அளவில் தொப்பி. மிஞ்சிப் போனால் அதைப்போல் இரண்டு மடங்கு. மெல்லிய தண்டு. தேன் நிறம். மழை பெய்து ஓய்ந்த காட்டில், மட்கிப் போன மரக்கட்டையின்மீது இரண்டும் மூன்றுமாக, சில சமயம் கொத்தாக, நின்றுகொண்டிருக்கும். பார்த்தால் பரம சாது. ஆனால் ஆங்கிலேயர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? "சாவுமணி." ஜெர்மானியர்களோ "விஷக் குல்லாய்" என்கிறார்கள். விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் கலெரினா மார்ஜினேட்டா.

இந்தச் சிறு காளானைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2025 டிசம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் அவசர எச்சரிக்கை விடுத்தது. காட்டுக் காளான் தின்று 21 பேர் விஷத்துக்கு ஆளானார்கள்; அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். "காட்டில் காளான் பறிக்கவே வேண்டாம்" என்று ஜனங்களைக் கேட்டுக்கொண்டது அந்தத் துறை. அதன் பிறகும் எண்ணிக்கை ஏறியது. அங்கே உயிரைக் குடித்தது "சாவுத் தொப்பி" என்னும் வேறொரு காளான். உருவத்தில் பெரியது. ஆனால் அதில் இருக்கும் விஷமும் நம் சாவுமணியில் இருக்கும் விஷமும் ஒரே இனம்.

மேல்நாடுகளில் காடுகளுக்குச் சென்று காளானும் கீரையும் பறித்துவருவது சமீப ஆண்டுகளில் ஒரு மோகமாகவே வளர்ந்திருக்கிறது. பாட்டியிடமும் தகப்பனாரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் போய், கைபேசியில் ஒரு படம் பிடித்து, "இது என்ன காளான்?" என்று யந்திரத்தைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. யந்திரமும் தயங்காமல் பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே கேள்வி.

ஒரே கட்டையில் இருவர்

மத்திய ஐரோப்பாவில் இலையுதிர் மரங்களின் அடிக்கட்டைகளில் கூட்டங் கூட்டமாக முளைக்கும் ஒரு நல்ல காளான் உண்டு. ஜெர்மானியர்கள் அதைச் சூப்பில் போட்டு விரும்பிச் சாப்பிடுவார்கள். குஹனரோமைசிஸ் மியூடாபிலிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். நாம் சௌகரியத்துக்காகக் கட்டைக் காளான் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டைக் காளானும் சாவுமணியும் அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டும் மரக்கட்டையில் முளைப்பவை. இரண்டுக்கும் தேன் நிறத் தொப்பி. இரண்டின் தண்டிலும் மெல்லிய வளையம். ஈரத்தில் நிறம் கருத்து, காய்ந்தால் வெளுக்கும் குணமும் இரண்டுக்கும் உண்டு. அப்படியானால் நிபுணர்கள் எதைக்கொண்டு பிரிக்கிறார்கள்?

தண்டைக்கொண்டு பிரிக்கிறார்கள். கட்டைக் காளானின் தண்டில் வளையத்துக்குக் கீழே சிறு சிறு செதில்கள் சிலிர்த்து நிற்கும். சாவுமணியின் தண்டில் செதில் இராது. வெள்ளி இழை போன்ற நார்கள் ஓடியிருக்கும். சாவுமணியைக் கசக்கி முகர்ந்தால் அநேகமாக மாவு வாசனை வரும். பூதக்கண்ணாடிக்கும் மேலே போய் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சந்தேகமே இல்லை: கட்டைக் காளானின் வித்துத் தூள் வழவழப்பாகத் தெரியும், சாவுமணியின் தூள் சொரசொரப்பாகத் தெரியும்.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மழை அடித்தால் செதில் கழுவிப் போகும். வளையம் உதிர்ந்து விழும். வயதான காளானில் எந்த அடையாளமும் தெளிவாக இராது. இன்னும் பெரிய ஆபத்து, ஒரே கட்டையில் இரண்டும் கலந்து முளைக்கக் கூடும் என்பது. முதல் ஐந்தைச் சோதித்துவிட்டு, மற்ற ஐம்பதைக் கைநிறைய அள்ளிக் கூடையில் போட்டவர் கதி என்ன ஆகும்? ஒவ்வொரு காளானையும் தனித்தனியே தண்டோடு எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நிபுணர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வித்துத் தூளின் நிறத்தைப் பார்க்க ஒரு சுலபமான முறை உண்டு. தொப்பியை மட்டும் அறுத்து, மடிப்புகள் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவெல்லாம் விட்டால், காலையில் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். சாவுமணிக்குத் துரு நிறம். தேன் காளான் என்று பலர் பறித்துத் தின்னும் வேறொரு காளானுக்கு வெள்ளை. போதைக்காகச் சில இளைஞர்கள் தேடும் சைலோசைப் காளானுக்குக் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. இந்த ஒரு சோதனை செய்திருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர்கள் உண்டு. ஆனால் கட்டைக் காளானின் தூளும் பழுப்புதான். ஆகவே அந்த இரண்டையும் பிரிக்க இந்தச் சோதனை மட்டும் போதாது.

இருப்பிடம் சொல்லும் சேதி

ஒரு மனிதனின் ஊரைக் கேட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பார்கள். காளானுக்கும் அது பொருந்தும்.

சாவுத் தொப்பிக்கு உயிருள்ள மரம் வேண்டும். முக்கியமாக ஓக் மரத்தின் வேரோடு அது கூட்டு வாழ்க்கை நடத்துகிறது. ஐரோப்பாவில் பிறந்த அது, மரக்கன்றுகளின் வேரில் ஒட்டிக்கொண்டே ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடியேறியது. 2016-ல் கனடாவின் விக்டோரியா நகரில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றின் உயிரைக் குடித்த சாவுத் தொப்பி, அடர்ந்த காட்டில் பறித்ததல்ல, நகரத்தில் முளைத்தது.

சாவுமணியோ செத்த மரத்தைத் தின்று பிழைப்பது. தேவதாரு, பைன் போன்ற ஊசியிலை மரங்களின் மட்கிய கட்டையே இதற்கு விசேஷப் பிரியம். மற்ற மரங்களையும் விட்டுவைப்பதில்லை. "அப்படியானால் கட்டையில் இருப்பதைத் தொடாமல், தரையில் இருப்பதைப் பறித்தால் ஆபத்தில்லையே?" என்று தோன்றலாம். அங்கேதான் ஏமாற்றம். மண்ணுக்குள் புதைந்த மரத்துண்டு கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் முளைத்த காளான் தரையில் முளைத்தது போலவே நிற்கும். 1950-களில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் புல்தரையில் பறித்த காளானைத் தின்று இருவர் விஷத்தில் வீழ்ந்தார்கள். புது ஜாதி என்று அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். 2001-ல் மரபணு ஆராய்ச்சி செய்து பார்த்தபோது, அதுவும் வேறு சில ஜாதிகளும் நம் சாவுமணியேதான் என்று தெரியவந்தது. இன்று நகரப் பூங்காக்களில் செடிகளுக்கு அடியில் மரச் சீவலைப் பரப்புகிறார்களே, அந்தச் சீவலிலும் இது தாராளமாக முளைக்கிறது. காட்டுக் காளான் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம்.

விஷத்தின் தந்திரம்

இந்தக் காளான்களில் உள்ள விஷத்துக்கு அமடாக்ஸின் என்று பெயர். வேகவைத்தாலும் போகாது, உலர்த்தினாலும் போகாது, பனிப்பெட்டியில் வைத்தாலும் போகாது. வெள்ளிக் காசைப் போட்டுப் பார்ப்பது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்று நினைப்பது இவையெல்லாம் வெறும் நம்பிக்கைகள். புழு தின்ற காளான் மனிதனைக் கொல்லும்.

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. ருசியும் காட்டிக் கொடுக்காது. ஆறு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் வரை கழித்தே வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். அது ஒரு நாளில் அடங்கிவிடும். "பிழைத்தோம்" என்று நோயாளி எழுந்து உட்காருவார். அந்தச் சமயத்தில்தான் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். நம் உடம்பின் ஒவ்வொரு அணுவறையிலும், இன்ன புரதம் செய் என்று உத்தரவு எழுதும் குமாஸ்தா ஒருவர் இருப்பதாக வைத்துக்கொண்டால், இந்த விஷம் அந்தக் குமாஸ்தாவின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறது. உத்தரவு வராமல் அணுவறை சாகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மஞ்சள் காமாலை கண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் சிலருக்கு, வேறொருவரின் கல்லீரலைப் பொருத்துவதைத் தவிர வழியில்லை. 2016 டிசம்பரில் வட கலிபோர்னியாவில் சாவுத் தொப்பி விஷத்துக்கு ஆளான 14 பேரில் மூவருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

முழு மாற்று மருந்து இன்னும் இல்லை. 2023-ல் சீன விஞ்ஞானிகள் ஒரு பச்சைச் சாயம் எலிகளிடம் நல்ல பலன் தந்ததாக அறிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழி நீண்டது.

யந்திரத்தின் மார்க்

இனி கைபேசியின் யோக்கியதையைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் விஷ சிகிச்சை நிபுணர்களும் தாவர ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, 78 காளான்களின் படங்களை மூன்று கைபேசிச் செயலிகளிடம் காட்டிப் பரீட்சை வைத்தார்கள். 2023-ல் முடிவு வெளியாயிற்று. முதல் மாணவன் வாங்கிய மார்க் நூற்றுக்கு 49. மற்ற இரண்டும் வாங்கியது 35. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து மார்க் எடுத்தால் பாஸ் என்பார்கள். சாப்பாட்டு இலையில் அந்தக் கணக்கு செல்லாது.

இது யந்திரத்தின் குற்றம் மட்டும் அல்ல. படத்தில் தெரிவது தொப்பியின் மேற்புறம். வாசனை தெரியாது. வித்துத் தூள் தெரியாது. மண்ணுக்குள் கட்டை இருப்பது தெரியாது. தண்டின் அடிப்பாகத்தைப் பறித்தவர் பிய்த்து எறிந்திருப்பார். எந்த அடையாளங்களால் நிபுணர் உயிரைக் காப்பாற்றுகிறாரோ, அந்த அடையாளங்களே படத்தில் இல்லை.

இதைவிட மோசமான காரியமும் நடக்கிறது. 2023-ல் காளான் பறிப்பது பற்றிய சில புத்தகங்கள் இணைய அங்காடியில் விற்பனைக்கு வந்தன. எழுதியது மனிதர் அல்ல, செயற்கை அறிவு யந்திரம் என்று சந்தேகம் எழுந்தது. நியூயார்க் காளான் ஆராய்ச்சிச் சங்கம் அவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. 2024-ல் ஒரு சமூக வலைத்தளத்தின் காளான் குழுவில் தானாக நுழைந்த உரையாடல் யந்திரம், ஆர்சனிக் சேர்த்து வைக்கும் ஒரு காளானை எப்படிச் சமைக்கலாம் என்று பக்குவம் சொன்னது. விஷயம் வெளியாகிக் கண்டனம் கிளம்பியது.

ஸ்விட்சர்லாந்தின் வழி

அப்படியானால் யாரும் காளான் தின்னவே கூடாதா? ஸ்விட்சர்லாந்து ஒரு வழி காட்டுகிறது. அங்கே பல ஊர்களில் பரீட்சை தேறிய காளான் பரிசோதகர்கள் உண்டு. அவர்களுடைய சங்கம் 1925 முதல் இயங்குகிறது. காட்டிலிருந்து திரும்புகிறவர் கூடையை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜைமேல் கொட்டுவார். பரிசோதகர் ஒவ்வொன்றாக எடுத்து, புரட்டி, முகர்ந்து, எந்த மரத்தடியில் கிடைத்தது என்று விசாரித்து, ஆகாததை ஒதுக்கிவிடுவார். பிரான்ஸில் மருந்துக் கடைக்காரர்களின் படிப்பிலேயே காளான் பாடம் உண்டு.

இந்த ஏற்பாட்டில் உள்ள சிறப்பு அறிவு மட்டுமல்ல, பொறுப்பும்கூட. பரிசோதகருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, தவறினால் கேள்வி கேட்க ஊர் உண்டு. "எங்கள் பதிலை நம்பிச் சாப்பிட வேண்டாம்" என்று ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பெரிய எழுத்தில் காளானின் பெயரைச் சொல்லும் செயலிக்கு அந்தப் பொறுப்பு இல்லை. உணவுப் பண்டத்துக்கும் மருந்துக்கும் சட்டம் செய்திருக்கும் அரசாங்கங்கள், "இதைத் தின்னலாம்" என்று சொல்லும் யந்திரத்தை மட்டும் விளையாட்டுச் சாமானாகக் கருதுவது நியாயமல்ல. விஷ ஜாதியோடு குழப்பம் வரக்கூடிய எந்தக் காளானையும் உண்ணத்தக்கது என்று செயலி சொல்லக் கூடாது என்றாவது ஒரு விதி வர வேண்டும்.

சட்டம் வரும்வரை சாமானிய மனிதருக்கு உள்ள வழி ஒன்றுதான். காளானைப் பாருங்கள், படம் பிடியுங்கள், அது முளைத்த கட்டையையும் மரத்தையும் குறித்து வையுங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் தேர்ந்த மனிதர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லாத எதையும் அடுப்பில் ஏற்ற வேண்டாம். தவறித் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வயிற்றுவலி நின்றுவிட்டது என்று பாதியில் திரும்பிவிடவும் வேண்டாம்.