கரண்ட் என்றால் நீரோட்டம்

பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்துக்குள் போனால், வலை செப்பனிடும் கொட்டகைகளில் பகல் முழுக்க ஆள் இருக்கும். சென்ற முறை போனபோது அப்படி ஒரு கொட்டகையில், பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி வலைக்குவியல் மேல் உட்கார்ந்து, கடலோரக் காவல்படையின் நாவிக் (மாலுமி) தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலப் பகுதி. ஒரு பத்தி, அதன் கீழே ஐந்து கேள்விகள். பத்தியில் ஒரு படகை 'ஸ்ட்ராங் கரண்ட்' இழுத்துக்கொண்டு போகிறது.

"படகை எதுக்கு சார் கரண்ட் இழுக்குது? கம்பி அறுந்து விழுந்துச்சா?" என்றார்.

அந்தக் கரண்ட் இல்லை தம்பி, நீரோட்டம் என்றேன். பக்கத்தில் ஊசியும் நூலுமாக இருந்த அவருடைய அப்பா தலை நிமிராமல் கேட்டார்: "வன்னி வெள்ளமா, தெண்டி வெள்ளமா? அதப் போட்டிருக்கானா?"

எந்தத் திசை நீரோட்டம் என்று பத்தியில் போட்டிருக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் விளங்கியதும் தம்பி மளமளவென்று ஐந்துக்கும் விடை குறித்தார். ஐந்தும் சரி.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். மதிப்பெண் எங்கே போகிறது என்று கூர்ந்து பார்ப்பதில்லை. நாவிக் பொதுப்பணித் தேர்வின் முதல் பிரிவில் 60 கேள்விகள், 45 நிமிடம். கணக்கு 20, ஆங்கிலம் 15, அறிவியல் 10, பகுத்தறிவு 10, பொது அறிவு 5. தேற 30 வேண்டும். தாளைப் பார்த்தால் ஆங்கிலம் கால் பங்குதான். ஆனால் வினாத்தாள் முழுவதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு வேகமும் தூரமும் பற்றிய கணக்கும் ஒரு ஆங்கிலப் பத்திதான். அவர் எழுதுவது 15 ஆங்கிலக் கேள்விகள் அல்ல, 60.

இது மாற்ற முடியாத விதியொன்றும் அல்ல. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடக்கிறது. தமிழ்நாட்டு முதலமைச்சர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு, 2023 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் எடுத்த முடிவு அது. அங்கேயும் ஆங்கிலம் அல்லது இந்திக்கென 80-க்கு 20 கேள்விகள் உண்டு. ஆனால் அந்த 20 உண்மையிலேயே 20-தான். கரையைக் காக்க ஆள் எடுக்கும் படை, அந்தக் கரையின் மொழியிலும் கேள்வி கேட்பதில் என்ன குறைந்துவிடும்? இதை உரக்கக் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, படித்தாக வேண்டும். எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் என் கவலையெல்லாம்.

கடையில் கிடைக்கும் கைடுகளைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பொருள் தரும் சொற்கள், எதிர்ச்சொற்கள், இரண்டு நெடுவரிசையாக, பக்கம் பக்கமாக. பிறகு செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றும் சூத்திரம். பிறகு மாதிரிப் பத்திகள்: பனிச்சறுக்கு, பங்குச்சந்தை, ஐரோப்பிய ஓவியம். சொற்பட்டியலை இரவெல்லாம் உருப்போட்ட பிள்ளை, பத்தியைப் பார்த்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. பட்டியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கிறது. பத்தியில் அந்தச் சொல் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. லேண்டிங் என்றால் விமானம் இறங்குவது என்று படித்தவருக்கு, மீன்பிடி அறிக்கையில் வரும் லேண்டிங் தன் ஊரில் தினமும் கரைக்கு வந்து இறங்கும் மீன்தான் என்று தெரிவதில்லை.

1988-இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 64 பள்ளிப் பிள்ளைகளிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் கெட்டிக்காரர்கள், பின்தங்கியவர்கள் என்று இரு வகையினரும் அதில் இருந்தார்கள். பேஸ்பால் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். படித்ததைத் திரும்பச் சொல்லவும் நடித்துக் காட்டவும் சொன்னபோது, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை விஞ்சினார்கள். பத்தியைப் புரிந்துகொள்வது மொழித்திறன் மட்டும் அல்ல. பத்தி எதைப் பற்றிப் பேசுகிறதோ அதைப் பற்றிய அறிவும் சேர்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக ஆசிரியர் உலகுக்குத் தெரிந்த இந்தச் செய்தி, நம் பயிற்சிக் கையேடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குப்பத்துப் பிள்ளைக்குத் தெரிந்த பேஸ்பால் எது? முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் இறாலுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' ஏற்பாட்டில் இன்று யார் முறை, எந்த இடத்தில் வலை என்பது தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்பதும், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை என்பதும் தெரியும். இந்த விஷயங்கள் எல்லாவற்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் எழுத்து இருக்கிறது. வானிலைத் துறையின் எச்சரிக்கை, தடைக்கால அறிவிப்பு, ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பு, ராக்கெட் செய்தி. பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகட்டும். மூன்று மாதம் இப்படிப் படித்தவருக்கு, பிறகு பனிச்சறுக்குப் பத்தி வந்தாலும் ஒரு பத்தியை எங்கே பிடித்து உள்ளே போவது என்ற பழக்கம் இருக்கும். மீனவ இளைஞர்களைக் கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் தயார்செய்ய மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் இலவசப் பயிற்சி நடத்துகிறது, நல்ல ஏற்பாடு. அதன் ஆங்கில வகுப்புக்கு இப்படி ஒரு பாடநூலைத் தொகுத்துக் கொடுக்கப் பெரிய செலவு பிடிக்காது.

ஆங்கிலம் இந்தக் கரைக்கு அந்நியமும் அல்ல. கட்டுமரம் அதே பெயரில் கேட்டமரான் என்று ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. பழவேற்காட்டின் பெயரே, ஒருகாலத்தில் இங்கிருந்து கப்பலேறிய வண்ணக் கைக்குட்டைகளின் பெயராக ஆங்கில அகராதியில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசிக்கத் தெரிவது தேர்வோடு முடிகிற காரியமும் அல்ல. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் இந்தக் கிராமங்களின் தலைமேல் தொங்குகிறது. 2021 ஜனவரி 22-க்கு அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டமும் 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு விதிப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் வந்தாக வேண்டும். முழு அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த விதியையே மாற்ற 2020-இல் வந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியாகி, அதை மற்ற மொழிகளிலும் பெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மணல் எங்கே அரிக்கும், எங்கே சேரும் என்ற கணக்கெல்லாம் முழு அறிக்கையில்தான் இருக்கிறது. ஊரில் யாராவது ஒருவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும். நாவிக் தேர்வுக்குப் படிக்கும் அதே தம்பியும், பக்கத்துத் தெருவில் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தங்கையும்தான் அந்த ஒருவர்.

அன்று மாலை செய்வினை, செயப்பாட்டுவினைப் பயிற்சிக்காகக் கொட்டகைத் தம்பிக்கு ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். முகத்துவாரம் தூர்வாரப்படும், மீனவர்களுக்கு வேலை தரப்படும் என்று ஆங்கிலத்தில். செய்வினையாக்க வேண்டும். கைடில் சொல்லிக்கொடுத்தபடி தம்பி 'தே' என்று தொடங்கி, தூர்வாருவார்கள், வேலை தருவார்கள் என்று பிழையில்லாமல் முடித்துவிட்டு அப்பாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

"அவங்கன்னா யாரு?" என்றார் அப்பா.

தம்பி நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை படித்தார். "அது இதுல இல்லப்பா" என்றார்.