பஸ் வராத நாளில் கூட்டுச் சவாரி

அண்ணாமலையார் கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. அடி அண்ணாமலை மலைக்கு மறுபுறம், மேற்கே இருக்கிறது. நடுவில் 2,668 அடி உயரத்துக்கு மலை நிற்கிறது. ஆகவே ஊருக்குப் போகிறவர் மலையைச் சுற்றித்தான் போகவேண்டும். வருணலிங்கம் பக்கமாகப் போய்ச் செங்கம் ரஸ்தாவைப் பிடித்தாலும் சரி, குபேரலிங்கம் வழியாக வடக்கே சுற்றினாலும் சரி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறையப் பாதியைக் கடந்தாக வேண்டும். பக்தருக்கு இந்தச் சுற்று புண்ணியம். காலையில் போய்க் கடை திறக்கவேண்டிய சிப்பந்திக்கு அது வேறு விஷயம்.

அவர் நம்பியிருப்பது பஸ்ஸை. வரவேண்டிய பஸ் வந்தால் கவலை இல்லை. வராவிட்டால்? வண்டி பழுதாகியிருக்கலாம், டிரைவர் விடுப்பில் இருக்கலாம். 2018 ஜனவரியில் நடந்ததுபோல் ஒரு வாரம் வேலை நிறுத்தமே நடக்கலாம். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது மாதக்கணக்கில் பஸ் ஓடவில்லை. காரணம் எதுவானாலும் நிறுத்தத்தில் நிற்பவருக்கு அது தெரிவதில்லை. வராது என்று உறுதியாகத் தெரிந்தால் வேறு வழி தேடிப் போய்விடுவார். வரும், வரும் என்று நிற்பதில்தான் அரை மணியும் அரை நாள் சம்பளமும் போய்விடுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகள் தங்கள் ஆட்களை அழைத்துவரத் தாங்களே பஸ் அனுப்புகின்றன. ஜவுளிக் கடைச் சிப்பந்திக்கும், லாட்ஜ் பெருக்கும் அம்மாளுக்கும், ஆஸ்பத்திரி ஆயாவுக்கும் பஸ் அனுப்புவார் யார்?

இந்த நிலையில்தான் கூட்டுச் சவாரி என்ற யோசனை எழுகிறது. ஒரே திசையில் போகிற நாலு பேர் ஒரே காரில் போய், பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்வது. பார்க்கப்போனால் நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மாட்டு வண்டியில் நெல் மூட்டையோடு சந்தைக்குப் போன காலத்திலேயே வழியில் நின்றவரை ஏற்றிக்கொண்டவர்கள்தாம் நாம். இன்று கை காட்டினால் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஷேர் ஆட்டோ வந்தால் இடம் இருக்கிறதோ இல்லையோ, ஏறிக்கொள்கிறோம். ஆனால் கை காட்டிக் கிடைப்பது உதவி. நாளைக்கும் அது கிடைக்கும் என்று சொல்வதற்கில்லை. வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது, நாளைக்கும் 8 மணி 10 நிமிடத்துக்கு அதே இடத்தில் வந்து நிற்கும் வண்டி.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, கூலிக்கோ பிரதிபலனுக்கோ பிரயாணிகளை ஏற்றுகிற எந்த வண்டியையும் பொது வாகனம் என்கிறது. அதற்குப் பெர்மிட் வேண்டும். மஞ்சள் பலகை வேண்டும். வெள்ளைப் பலகைக் காரில் பக்கத்து வீட்டுக்காரரை இலவசமாக ஏற்றிப் போனால் கேள்வி இல்லை. அவரிடம் தலைக்கு இத்தனை என்று வாங்கினால் கேள்வி வரும். பெட்ரோலில் பங்கு கொடுப்பது கூலியா, இல்லையா? வழியில் நிறுத்தும் அதிகாரியிடம் இதை வாதாடிக்கொண்டிருக்க எவருக்கு நேரம் உண்டு?

2020-இல் மத்திய சர்க்கார் ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. மாநிலம் தடை செய்யாத இடத்தில், செல்போன் செயலி நடத்தும் லைசென்ஸ் பெற்ற நிறுவனங்களின் மூலம், சொந்தக் கார்களும் கூட்டுச் சவாரி ஏற்றலாம். ஊருக்குள் நாளொன்றுக்கு 4 முறை, ஊர்விட்டு ஊர் வாரத்துக்கு 2 முறை என்றது. நல்லதுதான். ஆனால் செயலி என்பது காரும் கூட்டமும் மிகுந்த பெங்களூரில் பலிக்கும் சங்கதி. அங்கேயே 2023 அக்டோபரில் கூட்டுச் சவாரிக்குத் தடை என்று செய்தி பரவி, மந்திரி விளக்கம் சொல்லும்படி ஆயிற்று. அடி அண்ணாமலையில் யார் காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார் என்பதைச் செயலியைவிட டீக்கடைக்காரர் நன்றாக அறிவார்.

சட்டத்தைவிடக் கவனிக்க வேண்டியது இன்ஷூரன்ஸ். சொந்தக் கார் பாலிசியில் 'கூலிக்கு ஓட்டினால் செல்லாது' என்ற நிபந்தனை இருக்கிறது. விபத்து நேர்ந்த பிறகுதான் பலர் அதைப் படிக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் 'லிப்ட்' கேட்டு ஏறுகிறவர் நிலை இன்னும் மோசம். சட்டம் கட்டாயப்படுத்தும் குறைந்தபட்சப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் இலவசமாக உட்கார்ந்து வந்தவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு தரவேண்டியதில்லை என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட முழுப் பாலிசி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஏறுகிறவர் எத்தனை பேர்? பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். இரண்டாவது ஹெல்மெட்டைச் சுமந்து வருகிறவரைக் காண்பதும் அரிது.

மாண்ட்கோமரியில் நடந்தது

கூட்டுச் சவாரியை எப்படி நடத்துவது என்பதற்கும், சட்டம் அதை எப்படி மடக்கும் என்பதற்கும் அமெரிக்காவில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற நீக்ரோ மாது, 1955 டிசம்பர் 1-இல் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பு மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்குப் போவது எப்படி? முதலில் கறுப்பு டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஏற்றினார்கள். டாக்சியின் குறைந்த கட்டணம் 45 சென்ட் என்ற விதியை அதிகாரிகள் எடுத்துக் காட்டினார்கள். உடனே சொந்தக் கார்கள் இறங்கின. ஏறத்தாழ 300 கார்கள்.

அந்த 300 கார்களை மனம்போனபடி ஓடவிடவில்லை. ஊரின் சந்துபொந்துகளை அறிந்த தபால்காரர்களின் உதவியோடு வழிகள் குறிக்கப்பட்டன. ஏறுமிடமும் இறங்குமிடமும் பல பத்து இடங்களில் நிர்ணயிக்கப்பட்டன, நேரமும் வகுக்கப்பட்டது. தலைக்கு இத்தனை என்று கட்டணம் வாங்கவில்லை. வாங்கினால் லைசென்ஸ் கேட்பார்கள் அல்லவா? மக்கள் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தார்கள். சங்கம் பெட்ரோல் செலவைப் பார்த்துக்கொண்டது. இன்ஷூரன்ஸ் ரத்தானபோது லண்டன் லாயிட்ஸ் மூலம் ஏற்பாடு செய்தார்கள். மார்ட்டின் லூதர் கிங்கையே, 25 மைல் வேகத்தில் போகவேண்டிய இடத்தில் 30 மைல் வேகத்தில் போனார் என்று 1956 ஜனவரியில் கைது செய்தார்கள். கடைசியில் நவம்பர் 13-இல் அலபாமா கோர்ட் கூட்டுச் சவாரிக்கே தடை விதித்தது. பஸ்ஸில் நிறவேற்றுமை செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டின் முடிவு வந்ததும் அதே நாளில்தான். உத்தரவு ஊருக்கு வந்து சேரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் மக்கள் நடந்தே போனார்கள். பகிஷ்காரம் மொத்தம் 381 நாட்கள்.

அவர்கள் போராட்டம் வேறு, அடி அண்ணாமலைக்காரர் கஷ்டம் வேறு. ஆயினும் 300 காரை ஓட்டிய முறை நாலு காருக்கும் பொருந்தும். புறப்படும் நேரம் நிலையாக இருக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் எவருக்காகவும் காத்திருக்கக் கூடாது. வராதவர் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். கணக்கு ஒரு நோட்டில் இருக்கவேண்டும். பணம் வாங்காமல் முறை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. நாலு பேரிடம் கார் இருந்தால், வாரத்துக்கு ஒருவர் கார். காசே கைமாறாததால் கூலி என்ற பேச்சுக்கே இடமில்லை. பௌர்ணமியும் கார்த்திகைத் தீபமும் தனிக் கணக்கு. வெளியூர்களிலிருந்து சிறப்புப் பஸ்கள் வந்து குவியும் அந்நாட்களில் கிரிவலப் பாதையில் வண்டிகளைக் கட்டுப்படுத்திவிடுவார்கள்; எந்த வழி திறந்திருக்கும் என்று முதல் நாளே விசாரித்து வைக்கவேண்டும்.

ஆனால் கார் இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்கு முறை கிடையாது, பணந்தான் கொடுக்கவேண்டும். போக வர சுமார் 15 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். ஏறக்குறைய 100 ரூபாய். நாலு பேர் பகிர்ந்தால் தலைக்கு 25. மாதம் 26 நாள் வேலை என்றால் 650 ரூபாய். கார் வைத்திருப்பவருக்கு இது லாபம். லாட்ஜ் பெருக்கும் அம்மாளுக்கோ? 2021 மே மாதத்தில் தொடங்கிய திட்டத்தின்படி சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. பஸ் தவறாமல் வந்தால்தானே அந்த மிச்சம்? தினமும் கூட்டுச் சவாரியில் போனால் அதில் முக்கால் பங்கு பெட்ரோலுக்கே போய்விடும். ஷேர் ஆட்டோவில் தனியாகக் கொடுத்தாலும் கதை ஏறக்குறைய அதுவே.

எனவே கூட்டுச் சவாரியை பஸ்ஸுக்குப் பதிலாக நினைப்பது கார்காரர்களின் கணக்கு. காரில் போகிற நாலு பேர் நிறுத்தத்திலிருந்து போய்விட்டால், பஸ் ஏன் வரவில்லை என்று கேட்கும் குரலும் அவர்களோடு போய்விடுகிறது. கிராமங்களுக்கென 1997-இல் வந்த மினி பஸ் திட்டத்தைத் திருத்தி, 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் அனுமதித்து 2025 ஜூனில் புதிதாகத் தொடங்கினார்கள். எந்த ஊருக்கு வழித்தடம் வேண்டும் என்பதைக் கேட்டு எழுதுகிறவர்கள் இருந்தால்தான் அது நடக்கும்.

கூட்டுச் சவாரிக் கணக்கு நோட்டிலேயே இன்னொரு பக்கத்தை ஒதுக்கலாம். இன்ன தேதி, இன்ன நேரத்துப் பஸ் வரவில்லை. இத்தனை பேர் நின்றார்கள். நிறுத்தத்தில் நிற்கும் அம்மாளைக் கேட்டால் அவரே சொல்லிவிடுவார். ஒரு மாதம் எழுதிச் சேர்த்தால் பஸ் டிப்போ மானேஜர் மறுக்க முடியாத காகிதம் அது. வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் குறை தீர்க்கும் நாள் திங்கட்கிழமை. அந்தப் பக்கம் போகிற கார் ஒன்று எப்படியும் 8 மணி 10 நிமிடத்துக்குப் புறப்படுகிறது.