திகில் அலமாரியில் இல்லாத புத்தகம்

பெங்களூரில் எந்தத் தமிழ் நண்பர் வீட்டுக்குப் போனாலும், க்ரைம் புத்தக வரிசையில் விஜயகுமார் ஐ.பி.எஸ். 2017-ல் எழுதிய வீரப்பன் புத்தகம் உட்கார்ந்திருக்கு. விறுவிறுப்பு, ஒத்துக்கறேன். ஆனா அது வேட்டைக்குப் போனவர் சொல்ற கதைங்க. நடுவுல அகப்பட்ட மலைவாசிகள் கதை ச.பாலமுருகனோட ‘சோளகர் தொட்டி’ (2004). அதை ஒரு வீட்டிலும் பார்க்கல.

நாவல்தானேன்னு தள்ளாதீங்க. பாதிக்கப்பட்டவங்க ‘ஒர்க்‌ஷாப்’னு சொன்ன அதிரடிப்படைச் சித்திரவதைக் கூடம் இருந்தது, நாம வார இறுதியில் காரெடுத்துப் போற அதே மாதேஸ்வரன் மலையில்தான். 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம், கதாசிரியர் இல்ல.

2000-ல் ராஜ்குமார் கடத்தப்பட்ட அந்த 108 நாள், பஸ்ஸில் தமிழ் பேசப் பயந்ததை இன்னும் பிள்ளைங்ககிட்ட சொல்றோமே. சோளகர் வீட்டுப் பிள்ளைங்க பார்த்து வளர்ந்ததையும் கொஞ்சம் படிக்கக் குடுங்க.