புல்லுக்கு விலை பேசாமல் கரணை நடலாமா?

மாட்டுக்குத் தீனியாக இருந்த புல் இன்று எரிவாயு ஆலைக்கும் தீனியாகி வருகிறது. சாண எரிவாயு போலவே, புல்லைப் புளிக்க வைத்துக் கிடைக்கும் வாயுவைச் சுத்திகரித்து அழுத்தினால் வண்டி ஓடும். மத்திய அரசு 2018-ல் தொடங்கிய 'சதத்' திட்டத்தின்படி அந்த வாயுவை எண்ணெய் நிறுவனங்கள் வாங்குகின்றன. ஆலைக்காரருக்கு விற்க வழி உண்டு. விவசாயிக்கு?

கோ 4 கம்பு நேப்பியர் ஆண்டுக்கு ஏழு அறுப்பில் ஏக்கருக்குச் சுமார் 150 டன் பச்சைப்புல் தரும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. தண்ணீரும் உரமும் குறைவின்றிக் கொடுத்தால்தான் இது கிடைக்கும். மேலும், பச்சைப்புல்லில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. லாரியில் பத்து டன் ஏற்றினால் எட்டு டன் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிறோம். ஆலை தொலைவில் இருந்தால் லாபம் வழியிலேயே தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் டென்னசி மாநில விவசாயிகள் 2008 முதல் எத்தனால் தயாரிப்புக்காக ஸ்விட்ச்கிராஸ் என்னும் புல்லைப் பயிரிட்டனர். ஏக்கருக்கு ஆண்டுக்கு 450 டாலர் வீதம் மூன்றாண்டு ஒப்பந்தம். 2010-ல் அங்கே மாதிரி ஆலையும் வந்தது. ஆனால் நிறுவனம் தன் பெரிய ஆலையை அயோவா மாநிலத்தில், மக்காச்சோளத் தட்டையை நம்பிக் கட்டியது. 2015-ல் திறந்த அந்த ஆலையும் 2017-ல் நின்றது. புல்லோ ஒருமுறை விதைத்தால் பத்தாண்டு நிற்கக்கூடியது. பயிரின் ஆயுளுக்கும் ஒப்பந்தத்தின் ஆயுளுக்கும் பொருத்தமில்லை.

கம்பு நேப்பியரும் நட்டால் பல ஆண்டு நிற்கும் பயிரே. ஆகவே கரணை நடுமுன் சில விஷயங்கள் எழுத்தில் வரவேண்டும். டன்னுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு? அறுப்புக் கூலியும் லாரி வாடகையும் யார் பொறுப்பு? எடை போடுவது வயலிலா, ஆலையிலா? கூலி ஏறினால் விலையும் ஏறுமா? புல் எடுத்துச்சென்ற சத்தை ஈடுகட்ட, ஆலையில் மிஞ்சும் கழிவு உரமாகத் திரும்பி வருமா? தனித்தனியே கையெழுத்திடாமல், ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பேசினால் பேரம் வலுக்கும்.

சிறு விவசாயி நஞ்சை முழுவதையும் புல்லுக்கு விடக்கூடாது. தொழுவத்து மாடுகளுக்குப் போக மிஞ்சும் அளவில் தொடங்குவதே உத்தமம். ஆலை நின்றாலும் அந்தப் புல் பாலாக மாறும். ஆலையை மட்டும் நம்பி நட்ட புல்லுக்கு அந்த வழி இல்லை.