மாமா வாங்கித் தரும் காற்றுத் துப்பாக்கி

தஞ்சை மாவட்டத்து வாசக சகோதரி ஒருவர் சென்ற திங்கள் நமக்கு மடல் எழுதியிருந்தார். ஆலயத் திருவிழாக் கடைவீதியில் பலூன் சுட்ட நாள் முதல், பதினான்கு வயது மகனுக்குக் காற்றுத் துப்பாக்கியைத் தவிர வேறு நினைவே இல்லையாம். தாய்மாமனும் வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். கணவரோ வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். "அது விளையாட்டுச் சாமானா, ஆயுதமா? வாங்கலாமா, கூடாதா?" என்று வினவுகிறார். இவ்வினாவை நம்மால் எளிதில் ஒதுக்கிவிட இயலவில்லை. அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர்க் கூறுவோம்.

பலூன் கடையில் இருப்பதும் மாமன் வாங்கப் போவதும் பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இதில் வெடிமருந்து கிடையாது. குழலின் அடியில் ஒரு கீல் உண்டு. குழலைப் பிடித்துக் கீழ்நோக்கி மடக்கினால், உள்ளேயுள்ள பிஸ்டன் பின்னுக்குச் சென்று வலுவான சுருள்வில்லை இறுக்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். குழலின் பின்வாயில் சிறிய ஈயக்குண்டைப் பொருத்தி, குழலைப் பழையபடி நிமிர்த்த வேண்டும். விசையை அழுத்தியதும் கொக்கி விடுபடும். சுருள்வில் பிஸ்டனை முன்னே வீசும். அதன் முன்னிருந்த காற்று நொடிப்பொழுதில் நெருக்குண்டு குண்டை வெளியே தள்ளும். சைக்கிள் பம்பை ஒரே குத்தாகக் குத்துவதைப் போன்றதே இது.

அவ்வளவுதானே என்று எண்ணிவிடலாகாது. அரை கிராம் எடையுள்ள அந்தக் குண்டு நொடிக்கு நூற்றைம்பது மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாயக்கூடியது. ஒரு கண்ணைப் பறிப்பதற்கு அதில் ஒரு பங்கு வேகமே போதும்.

இதை நாம் ஏட்டில் படித்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் சிமெண்டுச் சுவரையொட்டி ஒரு தகர மூடியை நிறுத்தி வைத்து, அண்ணன் மகனுக்குச் சுடக் கற்பித்துக் கொண்டிருந்தோம். மூன்றாவது குண்டு மூடியின் விளிம்பில் பட்டு, சுவரில் மோதி, வந்த வழியே திரும்பியது. பையனின் இடப் புருவத்திற்கு மேல் பட்டு இரத்தம் கசிந்தது. ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அண்ணியார் அன்று வாய்விட்டுக் கூறவில்லை. நம்மைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது. பிழை பையனுடையதன்று, துப்பாக்கியினுடையதும் அன்று. பத்தடி தூரத்தில், கெட்டியான சுவருக்கு முன்னால் தகரத்தை நிறுத்திய நம்முடையது. ஓராண்டுக் காலம் அத்துப்பாக்கி அலமாரியின் உச்சியிலேயே கிடந்தது.

ஆகவே, வாங்குவதாயின் துப்பாக்கிக்கு முன்பாகக் குண்டு தாங்கும் பெட்டியைச் செய்துகொள்ளுங்கள். செலவு அதிகமில்லை. ஒன்றரை அடி சதுரமுள்ள மரப்பெட்டி ஒன்றில் பழைய துணிகளையும் செய்தித்தாள் கட்டுகளையும் ஓரடி ஆழத்திற்கு நெருக்கித் திணித்து, முன்பக்கத்தில் அட்டையை ஆணியடித்துப் பொருத்தினால் முடிந்தது. குறித்தாளை அந்த அட்டையின்மேல் ஒட்டலாம். கொட்டாங்கச்சி, கண்ணாடிக் குப்பி, கல், தகரம் ஆகியவற்றில் ஒன்றையும் இலக்காக வைக்க வேண்டாம். பெட்டிக்குப் பின்னால் வழியோ, சன்னலோ, அண்டை வீட்டாரின் துணிக்கொடியோ இருத்தல் கூடாது. சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி அணிந்துகொள்வது நலம். நம் வீட்டில் அதற்குப் பின் அது கட்டாயமாயிற்று.

சட்டத்தைப் பற்றியும் அச்சகோதரி கேட்டிருக்கிறார். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டது எதுவாயினும் உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் முறையான இரசீதைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். தெருவிலும் பேருந்திலும் உறையின்றி எடுத்துச் செல்லாதீர்கள்; தொலைவிலிருந்து காண்பவருக்கு அது எத்தகைய துப்பாக்கி என்று தெரியாது.

குறைந்த விலையில் வாங்கும்பொழுது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, குழலின் உட்புறத்தில் திருகுச்சுற்றாக வரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்பது. அவையே குண்டைச் சுழலச் செய்து நேர்வழியில் செலுத்துகின்றன. வழவழப்பான குழலில் எத்துணை முயன்றாலும் குறி நிலைக்காது; பிள்ளைக்கு விரைவில் சலிப்புத் தட்டிவிடும். மற்றொன்று, மூடிய குழல் ஆடுகிறதா என்பது. கீலில் ஆட்டமிருப்பின் ஒவ்வொரு முறையும் குறி வேறிடத்திற்குப் போகும். தொலைநோக்கியோடு சேர்த்து விற்பதை நாடாதீர்கள். இவ்வகைத் துப்பாக்கி பின்னுக்கு ஒருமுறையும் முன்னுக்கு ஒருமுறையுமாக இருமுறை உதைப்பதால், மலிவான தொலைநோக்கி விரைவில் கலகலத்துவிடும். முனையிலுள்ள குறிமுள்ளும் பின்னாலுள்ள காடியும் பழகுவோருக்குப் போதும். சொல்லப்போனால், அவையே நல்ல ஆசான்கள்.

குண்டு ஈயக்குண்டாகவே இருக்கட்டும். இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்திருக்கும் தட்டைத்தலைக் குண்டு தாளில் வட்டமாகத் துளையிடும்; கணக்கெடுக்க எளிது. எஃகு உருண்டைகள் வரிப்பள்ளங்களைத் தேய்ப்பதோடு, மிகுதியாக எகிறித் திரும்புவனவுமாகும். குண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வழக்கம் சிறுவர்களிடம் உண்டு. ஈயம் நஞ்சு, இதனைக் கண்டிப்பாகத் தடுங்கள். சுட்டு முடித்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவருகே வரலாகாது.

இனி, பழகும் முறை. குழலை மடக்கிக் குண்டைப் பொருத்தும் வரையில் ஒரு கை குழலை விடாது பற்றியிருக்க வேண்டும். கொக்கி நழுவினால் குழல் மின்னலென நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். விரல் விசையருகே செல்வது, கண் குறியைக் கண்ட பின்னரே. குழலின் வாய் எப்போதும் பெட்டியை நோக்கியே இருக்க வேண்டும்; யாரேனும் கூப்பிட்டால் துப்பாக்கியோடு திரும்பாமல் தலையை மட்டும் திருப்பக் கற்பியுங்கள். குண்டின்றி வெறுமனே சுடுதல் ஆகாது. எதிரே தடையில்லாமையால் பிஸ்டன் முழு வேகத்தோடு முட்டி, வாஷர் கிழிந்துபோகும். மடக்கிய நிலையில் நெடுநேரம் வைத்தால் சுருள்வில் தளரும்.

புதிதாய்ப் பழகுவோர் அனைவரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. உதைக்கும் என்று அஞ்சி, துப்பாக்கியை இறுகப் பற்றிக்கொள்வர். இவ்வகையில் குண்டு குழலைவிட்டு வெளியேறுமுன்பே உதைப்பு தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இறுக்கத்தில் பிடித்தால் குண்டும் வெவ்வேறு இடத்திற்கே போகும். விசைக்கூண்டுக்குச் சற்று முன்னால், விரித்த இடது உள்ளங்கையின்மேல் கட்டை சும்மா கிடக்கட்டும். தோளிலும் மெல்லச் சாய்ந்திருக்கட்டும். கைக்குழந்தையைத் தாங்குவதுபோல் என்று அண்ணன் மகனுக்குச் சொன்னோம். "அப்படியானால் அத்தையல்லவா நன்றாகச் சுடுவார்" என்றான் அவன். உண்மையில் அப்படியே ஆயிற்று. ஆனால் அது வேறு கதை.

பத்து மீட்டர் தூரத்தில் தொடங்குங்கள். முதலில் நடுப்புள்ளியில் படவேண்டும் என்னும் ஆசையை விட்டுவிட்டு, ஐந்து குண்டுகளும் ஒரே இடத்தில் நெருங்கி விழுகின்றனவா என்று பாருங்கள். நெருங்கிய பின்னரே காடியைத் திருத்த வேண்டும். குண்டு வலப்பக்கம் போகவேண்டின் காடியை வலப்பக்கமும், உயர வேண்டின் மேலேயும் நகர்த்துக. புதுத் துப்பாக்கியாயின் முதல் சில நூறு குண்டுகள் வரை மனம்போன போக்கில் சுடும். புகை வந்தாலும், சிறு வெடிபோல் ஓசை கேட்டாலும் அதற்குக் காரணம் எண்ணெய். உள்ளேயிருக்கும் எண்ணெய், நெருக்குண்ட காற்றின் வெப்பத்தில், டீசல் எஞ்சினில் எரிவதுபோல் எரிகிறது. அது தானே அடங்கும். பிள்ளைகளுக்கு அவ்வோசை பிடித்துப்போய் மேலும் எண்ணெய் விடுவார்கள். விட்டால் வாஷரும் சுருள்வில்லும் கெடும். (பலூன் கடையில் குறி தவறுவதற்குப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் தந்தையர்க்கு ஒரு சொல்: அங்குள்ள துப்பாக்கிகள் பலவற்றில் குறிமுள் வளைந்திருக்கும்.)

பறவைகளைப் பற்றி ஒரே சொல்: கூடாது. மைனா, கிளி, கொக்கு முதலியவற்றைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, முதல் குருவி விழுந்த நாளோடு தாளில் புள்ளியடிக்கும் பொறுமை பிள்ளையைவிட்டுப் போய்விடும். அணிலையும் ஓணானையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தாளில் சுடுவதில் என்ன இருக்கிறது என்று பையன் கேட்கக்கூடும். உலகப் போட்டிகளில் பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் பத்தாம் வட்டம் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளிதான் என்று கூறுங்கள். அப்பிரிவில் 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் இலண்டனில் வெண்கலம் பெற்றார். டோக்கியோவிலும் பாரிசிலும் ஒலிம்பிக்கில் பங்கேற்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். அவர்கள் ஏந்துவது நம் சுருள்வில் துப்பாக்கியன்று. காற்றை முன்னரே அடைத்து வைத்த விலையுயர்ந்த கருவி. ஆயினும் குறிபார்த்தலும் மூச்சடக்குதலும் விசையை மெல்லப் பிழிதலும் இரண்டிற்கும் ஒன்றே.

இனிச் சகோதரியின் வினாவுக்கு வருவோம். அது விளையாட்டுச் சாமானன்று. பக்கத்தில் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் நிற்கும்வரை, நல்லதொரு பயிற்சிக் கருவி. மாமன் வாங்கித் தருவதோடு போய்விடுவாரா, ஞாயிறுதோறும் வந்து ஒருமணி நேரம் உடன் நிற்பாரா என்று அவரிடமே கேளுங்கள். நிற்பாராயின் வாங்கட்டும், மற்ற நாட்களில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் குண்டுகள் வேறொரு பூட்டிலும் இருக்கட்டும், சாவிகள் தங்களிடம் இருக்கட்டும். இயலாதென்றால், தந்தை விடுமுறைக்கு வரும்வரை பொறுக்குமாறு மகனிடம் சொல்லுங்கள். அதற்குள் அவன் அந்தப் பெட்டியைச் செய்து முடிக்கலாம். ஓரடி ஆழம், மறவாதீர்கள்.