ரிக்குக்குப் போனவருக்கு எத்தனை நாள் மாத்திரை?

மல்லசமுத்திரம், வையப்பமலை, காளிப்பட்டி பக்கம் மனநல ஓ.பி. பார்த்தவர்கள் எல்லோருக்கும் பழக்கமான பேச்சு ஒன்று உண்டு. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும் நோயாளி எழுந்து வர மாட்டார். அவருடைய அம்மாவோ மனைவியோ மஞ்சள் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டிக்கொண்டே சொல்வார்: "ஏனுங்க, பையன் ரிக்குக்குப் போயிட்டானுங்க. மத்தியப் பிரதேசத்துல இருக்கானாமுங்க. மாத்திரையைக் குடுத்தீங்கன்னா போற வண்டியில குடுத்துட்டுருவோமுங்க."

இதைச் சாக்குப்போக்கு என்று நினைக்கும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தின் பிழைப்பே இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது என்பது அவர்களுக்கு ஓராண்டு கழித்துத்தான் பிடிபடும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆந்திரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. ஆட்கள் வண்டியோடு சமைத்து, வண்டியோடு படுத்து, மாதக்கணக்கில் வெளியிலேயே இருக்கிறார்கள். மழை பிடித்து வேலை குறைந்தால்தான் ஊர் திரும்புவார்கள். நாமக்கல் லாரிக்காரர்கள் கதையும் ஏறக்குறைய இதுதான். ஊரோடு இருப்பவர்களிலும் பலர் விசைத்தறியில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறார்கள். நம் கிளினிக்கோ வாரத்தில் ஏதோ ஒரு வேலைநாள் காலையில் திறந்து மதியத்துக்குள் மூடிவிடுகிறது. அதற்கு வரக்கூடியவர் யார்? வேலை இல்லாதவர், அல்லது ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கத் துணிந்தவர். மற்றவர்கள் பெயருக்கு எதிரே நாம் 'டிராப் அவுட்' என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அவர்கள் வேலைக்குப் போயிருக்கிறார்கள். நாம் கொடுத்த சிகிச்சையால்தான் வேலைக்குப் போகும் நிலைக்கே வந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தேசிய மனநலத் திட்டம் வந்தது 1982-ல். பெல்லாரியில் செய்துபார்த்த மாதிரியைக் கொண்டு 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் இருந்தது. நல்ல திட்டம், நம்மில் பலருக்குச் சோறு போடுவதும் அதுதான். ஆனால் கிராமத்து நோயாளி என்றால் கிராமத்திலேயே இருப்பவர் என்ற அனுமானத்தை அதற்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் சிகிச்சை இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருப்பதாகச் சொன்னது. அந்த எண்ணை மேடையில் சொல்லும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர்களைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறோம். வந்து, குணம் கண்டு, வண்டியேறிப் போனபின் மாத்திரை விட்டுப்போனவரும் அந்தக் கணக்கில் அடக்கம்.

லித்தியம் சாப்பிடும் ரிக் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோடை வெயிலில் நாள் முழுக்க கம்ப்ரசர் பக்கத்தில் வேலை. வியர்வையில் தண்ணீரும் உப்பும் போகப் போகச் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி உடம்பு வலிக்கு மெடிக்கலில் கேட்டு ஒரு டைக்ளோபினாக் போட்டுக்கொள்வார். அதுவும் லித்தியம் அளவை ஏற்றும். 0.6 முதல் 1.0 வரை இருக்கவேண்டியது 1.5-ஐத் தாண்டினால் கை ஆட்டம் கூடும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், பேச்சு குழறும், நடை தள்ளாடும். கூட இருப்பவர்கள் சரக்கு அதிகமாகிவிட்டது என்று படுக்க வைப்பார்கள், அல்லது வெயில் தாக்கிவிட்டது என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அங்கே அவருக்குப் பக்கத்தில் தமிழ் தெரிந்த டாக்டர் இல்லை. அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர் தெரிந்தவர் யாருமே இல்லை.

இதற்கு நம் அறையில் செய்யக்கூடியவை உண்டு. "உடம்பு வலிக்கு என்ன மாத்திரை போடறீங்க?" என்ற கேள்வியை எத்தனை பேர் கேட்கிறோம்? பாராசிட்டமால் போதும் என்று சொல்லி அனுப்ப அரை நிமிடம் ஆகாது. மாத்திரைப் பெயரும், எந்த அறிகுறி வந்தால் லித்தியத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்பதும் எழுதிய ஒரு சீட்டை, தமிழோடு இந்தியிலும் அடித்து, செல்போன் உறைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கே வழியில்லாதவருக்கு லித்தியம்தான் எழுதவேண்டுமா என்பதையும் முதலிலேயே யோசிக்கவேண்டும். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் வண்டி திரும்பும் மழைக்காலத்தில் லித்தியம் அளவு, கிரியாட்டினின், தைராய்டு மூன்றையும் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று பாடப்புத்தகம் சொல்வதும் இங்கே மழை சொல்வதும் கிட்டத்தட்டப் பொருந்தி வருவது நம் அதிர்ஷ்டம்.

தறிக்காரர்களுக்குச் சிக்கல் வேறு. வாரம் மாற்றி வாரம் ராத்திரி ஷிப்ட் பார்க்கும் இருமுனைக் கோளாறு நோயாளிக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. தூக்கம் கெட்டாலே அவருக்கு மேனியா வந்துவிடும். 'மருத்துவக் காரணத்தால் பகல் ஷிப்ட் மட்டும் தரவும்' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் கேட்கிற பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். நோயின் பெயரும் நம் துறையின் பெயரும் அந்தக் கடிதத்தில் இருக்கக்கூடாது. ஊருக்குள் தங்கும் சைக்கோசிஸ் நோயாளிக்கு இருபத்தைந்து மில்லிகிராம் புளூபெனசின் டெக்கனோயேட் ஊசி இன்னும் நல்ல துணை. நல்லெண்ணெயில் கலந்த அந்த ஊசியை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டால் தினமும் மாத்திரைப் பட்டையை மறைத்து வைக்கும் தொல்லை இல்லை.

கார்த்திகையும் தையும் நம் நாள்காட்டியில் சிவப்பு மையில் இருக்கவேண்டிய மாதங்கள். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்ட அன்றே சுத்தமாக நிறுத்திவிடுவார். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், தூக்கம் போகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், தறி ஓடுவதுபோல் காற்றில் கையை ஆட்டுவார். வீட்டார் சாமி வந்திருக்கிறது என்று திருநீறு பூசி உட்கார வைப்பார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய டெலிரியம் அது. காளிப்பட்டி கந்தசாமி கோயில் தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தயமின் ஊசியும் லோரசிபாமும் கையிருப்பில் இருக்கின்றனவா, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போடவேண்டும் என்பது இரவுப்பணிச் செவிலியருக்குத் தெரியுமா என்று பார்த்துவைப்பது நம் வேலை. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து காட்டச் சொல்லிக் குருசாமிகளிடம் பேசி வைக்கலாம். நாம் சொல்வதைவிட அவர்கள் சொன்னால் நன்றாகவே எடுபடும்.

சரி, எத்தனை நாள் மாத்திரை? நிலையாக இருப்பவருக்குப் பதினைந்து நாள் சீட்டு என்பது நம் ஸ்டாக் பதிவேட்டின் வசதிக்கானது. 2017 மனநலச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள அரசு நிலையங்களில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கவேண்டும் என்கிறது. இரண்டு மூன்று மாத மருந்தைக் கொடுத்து, இடையில் போனில் பேசலாம். நேரில் பார்த்த நோயாளியைத் தொலைபேசியில் தொடர்ந்து பார்க்க 2020 தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. ஆனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட முடியாது. தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் மூன்று மாத அமிட்ரிப்டிலினையோ லித்தியத்தையோ வைப்பது விஷத்தை வாங்கி வைப்பதற்குச் சமம். அவருக்கு வாரச் சீட்டுத்தான், அதுவும் வேறொருவர் கையில்.

கிளினிக் நாளை மாற்றுவதும் பெரிய காரியம் இல்லை. பருத்தி சீசனில் மல்லசமுத்திரத்தில் ஏலம் நடக்கும் நாளன்று சுற்று வட்டார விவசாயிகள் எப்படியும் ஊருக்குள் வருகிறார்கள். அதே நாளில் ஓ.பி. வைத்தால் பஸ் காசு மிச்சம். "எங்கே போனாய்" என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது.

வீடு தேடிப் போவதைப் பற்றியும் சொல்லவேண்டும். 2014-ல் லான்செட்டில் வந்த காப்ஸி ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் ஸ்கிசோப்ரினியா நோயாளிகளைப் பார்த்ததால் ஓரளவு கூடுதல் பலன் கிடைத்தது. மூன்று இடங்களில் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது கிராமப்புறமான காஞ்சிபுரத்தில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பி.பி., சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகிவிட்டது. அதே பையில் ரிஸ்பெரிடோனும் ஏன் போகக்கூடாது என்று நம் கூட்டங்களில் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு, ஒரு தயக்கத்தோடு. அந்தப் பணியாளர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சிலசமயம் அதே தெருக்காரர். சுகர் மாத்திரை வாங்குவதை யாரும் மறைப்பதில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டிலோ, "நரம்பு மாத்திரை" என்று சொல்லி வாங்கிக்கொண்டிருப்பதை வாசலில் வைத்துப் பெயர் சொல்லி நீட்டினால் அந்த வீடு அடுத்த முறை கதவையே திறக்காது. ஆகவே முதல் நாள் நோட்டுப் போடும்போதே நோயாளியிடம் கேட்டுவிடவேண்டும்: வீட்டுக்குக் கொண்டுவரலாமா, தறிக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்கிறீர்களா, நேரில் வர முடியாதபோது யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கவே கூடாது? இந்த நான்குக்கும் இடம் விட்டு ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தை மாற்றி அச்சடிக்க மாவட்டக் குழுக்கள் முன்வந்தால், மாதிரிப் படிவத்தை நம் இதழ் தயாரித்துத் தரும்.